பதினோராவது மாடிக்குப் பன்னிரண்டு பேர்

தைபேயை ஒட்டின பான்ச்சியாவில் காலை உணவுக்கடை வைத்திருக்கிற எந்தப் பொம்பளையும் வருகிறவர்களை 'அழகி', 'அழகன்' என்றுதான் கூப்பிடுவாள். பல்லெல்லாம் கொட்டிப்போன கிழவனும் அழகன்தான், தலைகூட வாராமல் செருப்பை இழுத்துக்கொண்டு வருகிற பெண்ணும் அழகிதான். சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் அப்படிக் கூப்பிடாத கடை ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடும்.

பாவ்ஜூவின் கடை மட்டும் இருபத்திரண்டு வருஷமாக இறக்கவில்லை. அவள் ஒருத்தரையும் அழகி என்று சொன்னதில்லை. "அழகனா? வீட்ல கண்ணாடி இல்லையா உனக்கு? முட்டை ஒண்ணா ரெண்டா, சட்டுனு சொல்லு, பின்னாடி ஆள் நிக்குது பாரு" என்பாள். அவள் கல்லில் போடும் முட்டைச் சுருளின் ஓரம் மொறுமொறு என்றிருக்கும், அதற்காக வந்தார்கள். திட்டு வாங்கவும் வந்தார்கள் என்று தோன்றுகிறது. சில பேருக்குக் காலையில் நாலு வார்த்தை வாங்கினால்தான் நாள் விடியும்.

அப்படிப்பட்ட வாய்க்காரி, போன வருஷம் கல்லறை துடைக்கும் விடுமுறையில், பனிமலைச் சுரங்கத்துக்குள் வாயடைத்துப் போனாள்.

யீலானில் மாமனார் மாமியார் கல்லறைக்குப் போகிற வழி. வண்டியை ஓட்டினது புருஷன் தியென்ஃபு. பின்சீட்டில் அவனுடைய அக்கா சூச்சின். சுரங்கம் பதிமூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, விடுமுறை நாளில் அதற்குள் வண்டிகள் நகராமல் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நடுவில் நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்கு. பாவ்ஜூவுக்கு முதலில் விரல் நுனி மரத்தது. அப்புறம் நெஞ்சு தடதட என்று அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. மூச்சு உள்ளே போகிறது, ஆனால் போன மாதிரி இல்லை. செத்தேன், இந்த நிமிஷம், இந்த இடத்தில் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். தியென்ஃபு சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டான்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. இதயப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படமும் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்றான் ஒரு பொடி டாக்டர், கணக்கில் முழு மார்க் வாங்கின பிள்ளையைப் பாராட்டுகிற மாதிரி.

"பாத்தியா, ஒண்ணுமில்ல. நீ ரொம்ப யோசிக்கிற, பாவ்ஜூ, அதான்" என்றாள் சூச்சின்.

நீ ரொம்ப யோசிக்கிற. இந்தத் தீவில் இருமலுக்கு மருந்து உண்டு, மூட்டுக்கு மருந்து உண்டு, மிச்சம் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியம் உண்டு. புருஷன் ஓடிப்போனாலும் இதுதான், பிள்ளை பேசாமல் அறைக்குள் பூட்டிக்கொண்டாலும் இதுதான். சொல்கிறவருக்கு ஒரு காசு செலவில்லை, ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்கவும் வேண்டியதில்லை. யோசிக்கிறதுக்கு அவளுக்கு ஏது நேரம்? காலை நாலு மணிக்கு எழுந்து இருநூறு பேருக்குக் கல்லைக் காய வைக்கிறவள் அவள். ரொம்ப யோசித்திருந்தால் தியென்ஃபுவைக் கட்டியிருப்பாளா என்று கடையில் ஒருத்தன் கேட்டான். அவனுக்கு அன்றைக்கு முட்டை கருகிப்போயிற்று.

அந்த எழவு சுரங்கத்தோடு நிற்கவில்லை. பஸ்ஸில் வந்தது, சந்தைக் கூட்டத்தில் வந்தது, ஒருநாள் கல்லுக்கு முன்னாலேயே, தோசைக்கரண்டி கையில் இருக்கும்போதே வந்தது. இன்னும் இரண்டு தடவை அவசரப் பிரிவுக்குப் போனாள். மூன்றாவது தடவை வாசலில் இருந்த நர்ஸ், "மறுபடியும் நீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு பாவ்ஜூ அங்கே போகவில்லை. பஸ்ஸில் ஏறுவதையும் நிறுத்தினாள், சந்தைக்கு ஆளை அனுப்பினாள். அவளுடைய உலகம் கடை, படுக்கை, நடுவில் பதினெட்டுப் படி என்று சுருங்கிப்போயிற்று.

இந்த லட்சணத்தில்தான் மகன் ஜெவெய் வந்து நின்றான். பெண் பார்த்தாயிற்று, பிடித்துப்போயிற்று, பெயர் யீஜென். வீடு லுவோதோங். அதாவது சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில்தான் நடக்கும். பெண்ணுடைய தாத்தா பஞ்சாங்கம் பார்த்து நாளும் நேரமும் குறித்து அனுப்பிவிட்டார்: பதினோராம் மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே முக்காலுக்குள் மாப்பிள்ளை வீட்டார் வாசல் தாண்டிவிட வேண்டும். பன்னிரண்டு பேர் வரவேண்டும். ஒற்றைப்படை கூடவே கூடாது. ஒற்றையாக வந்தால் ஜோடி ஒற்றையாகப் போகும் என்று கிழவர் நம்புகிறார். பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து, கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவது மாப்பிள்ளையின் அம்மா. வேறு யாரும் போட முடியாது. அம்மா வரவில்லை என்றால், தைபே பக்கத்துக்காரர்களுக்குத் திமிர், எங்கள் பெண்ணை மதிக்கவில்லை என்றுதான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நானாயிருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

"அம்மா, நீ வருவேதானே?" என்றான் ஜெவெய்.

"வராம? நீ என்ன தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா?" என்றாள் பாவ்ஜூ. சொல்லிவிட்டு உள்ளே போய்க் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை.

உடனே ஆளாளுக்கு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டார்கள். சூச்சின்தான் முதல் ஆள். அந்த வீட்டில் அவள் மூக்கு நுழையாத இடம் கிடையாது. அறுபத்தொரு வயசு, நாலாவது மாடியில் தனிக்குடித்தனம். "ஐம்பது வருஷமா லிஃப்ட்ல கால் வச்சதில்ல, தெரியுமா? படிதான். முழங்கால் எப்படி இருக்கு பாரு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முழங்காலைத் தட்டிக் காண்பிப்பாள். நாலு அங்குலக் குதிகால் செருப்பு வேறு. "மனசு உறுதியா இருந்தா இதெல்லாம் வருமா? நாங்கல்லாம் அடி வாங்கி வளர்ந்தவங்க. இந்தக் காலத்துல எதுக்கெடுத்தாலும் ஒரு வியாதிப் பேரு."

மனசு உறுதிக்கு இவ்வளவு பேசினவள், அடுத்த நாளே கோயிலுக்குப் போய்ப் பயம் எடுக்க வேண்டும் என்றாள். பயந்தவருடைய சட்டையைக் கொண்டுபோனால் போதும். அங்கே ஒரு அம்மாள் அதன்மேல் ஊதுபத்தியைச் சுற்றி, ஓடிப்போன உயிரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, காலரில் சிவப்பு முத்திரை குத்தித் தருவார். தலையணைக்கடியில் வைத்துப் படுக்க வேண்டும். சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது தியென்ஃபு.

பாவ்ஜூ முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் வைத்தாள். ஆனால் பாருங்கள், ஒன்பது ராத்திரி அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். சூச்சினுக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்னேன்ல!" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பத்தாம் நாள் தியென்ஃபு வண்டியை எடுத்தான். பிங்லின் வரைக்கும் பாவ்ஜூ பாட்டு முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள். 'சுரங்கம், இரண்டு கிலோமீட்டர்' என்ற பலகையைப் பார்த்தாளோ இல்லையோ, எல்லாம் திரும்பி வந்துவிட்டது. சுரங்கத்துக்கு முன்னால் கடைசியாக வெளியேறுகிற வழி பிங்லின்தான். தியென்ஃபு ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே போனான். தேயிலைக்கடை வாசலில் அரை மணி நேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். அவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு விஷயம் வேண்டுமென்றால், அவன் அந்த வாக்கியத்தை மட்டும் அவளிடம் சொன்னதில்லை. வேறு எதுவும் சொன்னதுமில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில் தலையணையைத் தூக்கிச் சட்டையை உருவினாள். உதறிப் பார்த்தாள். அது அவளுடைய சட்டையே இல்லை.

"இது யாருது?"

தியென்ஃபு உற்றுப் பார்த்தான். "அட, காஸ் சிலிண்டர் போடறவன் அன்னிக்கு மழைல நனைஞ்சு கழட்டிக் காயப்போட்டான்... மறந்துட்டுப் போயிட்டான் போல."

"பத்து நாளா காஸ்காரன் சட்டைமேல படுத்திருக்கேன்!"

"அதான் வேலை செய்யல!" என்று துள்ளினாள் சூச்சின். "சரியான சட்டையா இருந்திருந்தா—"

"அவனுக்கு வேலை செஞ்சிருக்கு அக்கா. பயமெல்லாம் தெளிஞ்சுபோச்சு. நேத்து முதலாளிகிட்ட நின்னு சம்பளம் ஏத்திக் கேட்டானாம்" என்றாள் பாவ்ஜூ. சொல்லும்போது சிரிப்பு வரவில்லை. நிச்சயத்துக்கு மூன்று மாதமும் சொச்ச நாளும்தான் பாக்கி.

அடுத்த வாரம், ஒருத்தரிடமும் சொல்லாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த கிளினிக்குக்குப் போனாள். பலகையில் 'உடல்-மன மருத்துவம்' என்று போட்டிருக்கும். வெறும் மனம் என்று போட்டால் ஒரு பயலும் வரமாட்டான் என்று உடலையும் துணைக்குச் சேர்த்திருக்கிறார்கள். தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, குப்பைத் தொட்டிகள் இருக்கிற பின்சந்து வழியாக நுழைந்தாள். உள்ளே ஒன்பது பேர். ஒன்பது பேரும் தொப்பி, முகக்கவசம். எல்லாரும் தரையில் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்திருந்தார்கள். அதில் ஒருத்தனின் பெல்ட்டை அவளுக்குத் தெரியும். பாங்க்கில் வேலை, தினம் இரண்டு முட்டை, வெங்காயம் வேண்டாம். அவனும் அவளைப் பார்த்தான். இருவரும் பார்க்காதது மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். தன் வெட்கத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பல் வலிக்குப் போகிறவன் இப்படியா போகிறான்?

டாக்டர் கேள்விகள் கேட்டார், பழைய சோதனைத் தாள்களைப் பார்த்தார், பெயர் சொன்னார். பீதித் தாக்கு. "உங்களுக்கு வர்றது நிஜம். வலி நிஜம், நடுக்கம் நிஜம். ஆபத்து மட்டும் நிஜமில்ல. இதனால நீங்க சாகமாட்டீங்க." ஒரு மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே காவ் என்று ஒரு மனநல ஆலோசகி. முப்பதுகூட இருக்காது, கையில் பூனைப் படம் போட்ட கோப்பை. இந்தக் குட்டியா என்னைச் சரிபண்ணப் போகுது என்று பாவ்ஜூ நினைத்தாள், நினைத்ததைச் சொல்லியும்விட்டாள்.

"நான் சரிபண்ண மாட்டேன்க்கா, நீங்கதான் பண்ணணும்" என்றாள் காவ். "உங்க கடையில தீ எச்சரிக்கை மணி இருக்கா?"

"இருக்கு. கல்லு கொஞ்சம் புகைஞ்சாலே கத்தித் தொலைக்கும்."

"கத்தினா கடையைப் போட்டுட்டு ஓடுவீங்களா?"

"ஓடறதா? விளக்கமாத்துக் கட்டையால ஒரு தட்டு தட்டி, சும்மா கிடன்னு சொல்லிட்டு அடுத்த முட்டையை உடைப்பேன்."

"உங்க உடம்புக்குள்ள இருக்கிற மணியும் அப்படித்தான். தீயே இல்லாம கத்துது. நீங்க ஒவ்வொரு தடவையும் ஓடறீங்க. ஓடினதால பிழைச்சோம்னு அது நெனச்சுக்குது. அதனால அடுத்த தடவை இன்னும் சத்தமாக் கத்துது."

இத்தனை மாதத்தில் பாவ்ஜூவுக்கு விளங்குகிற மொழியில் பேசினவள் இவள் ஒருத்திதான். எப்போது வரும், வந்தால் எங்கே அடிக்கும், பயமாக இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டவளும் இவள்தான். மற்றவர்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டல்லவா கேட்டார்கள்.

அப்புறம் நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். காவ் ஒரு மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அது வழியாக மூச்சு விடச் சொன்னாள். சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றினாள். வேண்டுமென்றே அதை வரவழைக்க வேண்டுமாம். "எதிரிக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைக்கச் சொல்றியா?" என்றாள் பாவ்ஜூ. வந்தது. நெஞ்சு அடித்தது, விரல் மரத்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது. காவ் போக வேண்டாம் என்றாள், கெடிகாரத்தைப் பாருங்கள் என்றாள். ஆறாவது நிமிஷம் உச்சிக்கு ஏறியது. பதினோராவது நிமிஷம் தானே இறங்கிவிட்டது. யாரும் எதுவும் செய்யவில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் பாவ்ஜூ. அவளுக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது. "இந்தப் பதினோரு நிமிஷத்துக்கா ஒண்ணரை வருஷமா என்னை ஆட்டி வச்சுது, நாசமாப் போறது?"

"அதைத்தான் அதுகிட்ட சொல்லுங்க. கெஞ்சாதீங்க. உங்க கடையில வர்றவங்களைப் பேசற மாதிரி பேசுங்க" என்றாள் காவ்.

அது போதாதா பாவ்ஜூவுக்கு! முதலில் போனில் சுரங்க வீடியோ பார்த்தாள். பிறகு பஸ்ஸில் பிங்லின் வரை. பிறகு காவ் கூட வர, ஒரு முறை சுரங்கம் தாண்டினாள். அதற்கப்புறம் தனியாக. மதியம் கடை மூடினதும் யீலான் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வாய்க்குள் திட்டிக்கொண்டே போவாள். "வந்துட்டியா? உக்காரு. இவ்வளவுதான் அடிப்பியா, இன்னும் கொஞ்சம் அடியேன், காலைல சாப்பிடலையா?" பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்தார்கள். ஏழாவது முறை திட்டும் எடுபடவில்லை, ஒன்றும் எடுபடவில்லை. அந்தப் பக்கம் இறங்கி, ஊர்ப் பொது வெந்நீர் ஊற்றுக் குளத்தில் காலைத் தொங்கப் போட்டு, முன்பின் தெரியாத கிழவிகள் நடுவே தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினாள். மொத்தம் பதினோரு முறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. இரண்டு வேன், ஒன்றுக்கு ஆறு பேர், எல்லாம் இரட்டை. சிவப்புத் துணி மூடின தட்டுகள், கேக் பெட்டிகள். பாவ்ஜூவின் மடியில் சங்கிலிப் பெட்டி. பின்னால் சூச்சின், சிவப்புப் பட்டுக் கவுன், நாலு அங்குலக் குதிகால். விஷயம் எப்படியோ அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போறியாமே. ஸ்ட்ரால மூச்சு விடச் சொல்றாங்களாமே! இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சர்ட்டிபிகேட்டு. நல்ல நாளும் அதுவுமா நடு வழியில கதவைத் திறந்துடாதே தாயே, சம்பந்தி வீட்டுக்கு என்னத்தைச் சொல்றது?"

வேனில் எல்லார் கண்ணும் பாவ்ஜூவின் மேல், கதவுக் கைப்பிடியின் மேல். சுரங்கத்துக்குள் நுழைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அல்லவா, பாதியில் நின்றுவிட்டது. ஜெவெய் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது.

வந்தது. விரல் நுனி, நெஞ்சு, தொண்டை, எல்லாம் வரிசை மாறாமல். பாவ்ஜூ கைப்பிடியிலிருந்து கையை எடுத்துப் பெட்டிமேல் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"வா, வா. இன்னிக்கு லீவு எடுப்பேன்னு நெனச்சேன், எடுக்கமாட்டியே. கல்யாண வீடுன்னா மோப்பம் பிடிச்சுட்டு வந்துடுவியே. இந்தா, இந்த நெஞ்சுதானே? நல்லா அடி. பதினோரு நிமிஷம் உன்னோடது. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நின்னே, கரண்டியால முதுகுத் தோலை உரிச்சுடுவேன். பாக்கறவங்க பாக்கட்டும், அவங்களுக்கும் பொழுது போகணும்ல!"

டிரைவர் கண்ணாடியில் பார்த்து எச்சில் விழுங்கினான். தியென்ஃபு மட்டும் மணிக்கட்டைத் திருப்பிக் கெடிகாரத்தைப் பார்த்து, "நாலு," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஏழு." முப்பது வருஷத்தில் அவன் பேசினதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். "பத்து" என்று அவன் சொன்னபோது வண்டிகள் நகர்ந்தன. வெளியே வெளிச்சம் வந்தது, கீழே வயல், அப்பால் கடல். பாவ்ஜூவின் முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. ஜெவெய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

பிங்லினிலேயே திரும்பியிருந்தால் சூச்சினுக்குப் பேச எவ்வளவோ இருந்திருக்கும், பாவம்.

லுவோதோங் போய்ச் சேர்ந்தபோது பத்து முப்பத்தைந்து. பெண் வீடு புதுக் கட்டடத்தில், பதினோராவது மாடி. ஒரே லிஃப்ட்தான் ஓடியது, பத்துப் பேர் என்று எழுதியிருந்தது. தட்டுகளோடு பத்துப் பேர் முதலில் ஏறினார்கள். மேலே வாசலுக்கு வெளியே காத்திருப்பது, பன்னிரண்டு பேரும் சேர்ந்ததும் நுழைவது என்று பேச்சு. கீழே பாவ்ஜூவும் சூச்சினும் நின்றார்கள்.

லிஃப்ட் காலியாகத் திரும்பி வந்தது. பாவ்ஜூ உள்ளே கால் வைத்துவிட்டுத் திரும்பினால், சூச்சின் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க போறே?"

"நீ போ. நான் படியில வர்றேன். முழங்காலுக்கு நல்லது."

"பதினோரு மாடி. அந்தச் செருப்போட. ஏழு நிமிஷம்தான் இருக்கு."

"சொல்றேன்ல, போயேன்!"

குரல் கீச்சிட்டது. பாவ்ஜூ அப்போதுதான் பார்த்தாள். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. தங்க வளையல் கதவுக் கம்பியில் பட்டு டகடக என்று தட்டிக்கொண்டிருந்தது. முகத்தின் அந்த நிறத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், ஒன்றரை வருஷம் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த நிறம். தியென்ஃபுவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது இவள் வரவே இல்லை, ஒன்பதாவது மாடி, ஆஸ்பத்திரி வாடை ஆகாது என்றாள். தன் சொந்த மருமகள் புது வீடு வாங்கினபோதும் போகவில்லை, பதினாலாவது மாடி, அன்றைக்குத் தலைவலி என்றாள். முழங்காலாம், முழங்கால்! ஐம்பது வருஷமாக ஒரு ஊரையே முழங்காலைக் காட்டி ஏமாற்றியிருக்கிறாள் இந்தப் பொம்பளை. மற்றவர்களுக்கு மனசு உறுதியைப் பற்றிப் பாடம் வேறு.

பாவ்ஜூவின் போன் அடித்தது. தியென்ஃபு. "எங்க இருக்கீங்க? தாத்தா வாசலுக்கு வந்து எண்ணிட்டிருக்கார்."

இவளை விட்டுவிட்டுப் போனால் மேலே பதினொன்று. போகாமல் நின்றால் சங்கிலி போட ஆளில்லை. அந்த வாக்கியம் பாவ்ஜூவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நீ ரொம்ப யோசிக்கிற. மூன்றே வார்த்தை. சொல்லியிருக்கலாம். சொல்ல அவளைவிட உரிமை உள்ளவள் அந்தத் தீவில் யாரும் இல்லை. நானாயிருந்தால் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறியிருப்பேன்.

"எப்பலேருந்து?" என்றாள் பாவ்ஜூ.

"என்ன எப்பலேருந்து?"

"அக்கா. ஆறு நிமிஷம்."

சூச்சின் கம்பியை விடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பன்னெண்டு வயசு. துணிக்கடை லிஃப்ட். பூமி அதிர்ந்து கரண்டு போயிடுச்சு. ரெண்டு மணி நேரம் நான் மட்டும் தனியா... வெளிய எடுத்ததும் அழுதேன். அழுததுக்கு அப்பா எல்லார் முன்னாடியும் அறைஞ்சார்."

அடி வாங்கி வளர்ந்தவர்கள். இந்த அடியைத்தான் இத்தனை நாளாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பாவ்ஜூவுக்கு எரிச்சல் வந்தது. செத்துப்போன அந்த மாமனாருக்குப் போன வருஷம் கல்லறையைத் துடைக்கப் போய்த்தானே தனக்கே எல்லாம் ஆரம்பித்தது.

"பயமா இருக்கா?"

சூச்சின் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அறுபத்தொரு வயசில் முதல் தடவை.

"சரி, கேளு. படியில போகணும்னா நானும் கூட ஏறுவேன். நேரம் போயிடும், கிழவர் குதிப்பார், போகட்டும். உன் இஷ்டம்."

"நடுவுல நின்னுடுச்சுன்னா?"

"நின்னா நிக்கும். செத்துப்போற மாதிரி இருக்கும், ஆனா சாகமாட்டே. நான் எத்தனை தடவை செத்திருக்கேன், என்னைப் பாரு." லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. பாவ்ஜூ அதைக் குதிகாலால் நிறுத்தினாள். பிறகு, இருபத்திரண்டு வருஷமாக எந்த வாடிக்கையாளருக்கும் கொடுக்காததைக் கொடுத்தாள். "வா, அழகி. உள்ள வா."

சூச்சின் அவளை வெறித்துப் பார்த்தாள். கேலியா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை, சொன்னவளுக்கே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவு மூடியது. பாவ்ஜூவின் மணிக்கட்டில் நாலு நகமும் இறங்கின.

"திட்டு" என்றாள் பாவ்ஜூ.

"யாரை?"

"அதைத்தான். ஊரையே திட்டறியே, இதைத் திட்ட வாய் வரலையா?"

ஐந்து. ஆறு. ஏழாவது மாடியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. அப்போது சூச்சினின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது பாருங்கள், பட்டுக் கவுன் போட்டவள் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது, நான் இங்கே எழுதக்கூடியதும் இல்லை. அதிர்ச்சியில் பாவ்ஜூவே சிரித்துவிட்டாள். கதவு திறந்தது.

பெண்ணின் தாத்தா விரலை நீட்டி நீட்டி எண்ணினார். பதினொன்று, பன்னிரண்டு. மணி பத்து நாற்பத்திரண்டு. தலையை அசைத்து வழிவிட்டார்.

யீஜென் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் குனிந்தாள். பாவ்ஜூ சங்கிலியைப் போட்டுக் கொக்கியை மாட்டினாள். கை நடுங்கியது, பெண்ணும் பார்த்தாள், பெண்ணின் அம்மாவும் பார்த்தாள், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவள் மறைக்கவில்லை. மணிக்கட்டில் நாலு நகத் தடமும் சிவந்திருந்தன. ஜெவெய் அவள் காதருகே குனிந்து, "வந்துட்டியேம்மா" என்றான். "வராம?" என்றாள் அவள்.

பெண் எல்லாருக்கும் இனிப்புத் தேநீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு வைக்கும் நேரத்தில் சூச்சின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பவுடர் பூசி, உதட்டுச் சாயம் சரிபண்ணி, பழையபடி ஆகியிருந்தாள். கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள்.

"பாவ்ஜூ, அந்த கிளினிக் எந்தத் தெருவுல? எனக்கில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு."

பாவ்ஜூ தேநீரை மெதுவாகக் குடித்து முடித்தாள்.

"மருந்துக்கடைக்கு எதிர்ல. அவகிட்ட ஒண்ணு சொல்லிடு, அக்கா. பின்சந்து வேண்டாம். முன்வாசல் திறந்துதான் இருக்கு."